கன்னியாகுமரிக்கு மேலே ஆறு பேர்

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு பகல் பிரயாணம்தான். ஆனாலும் அது வேறு ராஜாவின் சீமை. அங்கே காசு வேறு, தபாலுக்குப் பெயர் அஞ்சல், எல்லையில் சுங்கச் சாவடி. சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் போய்வந்த ஆட்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நான் நாற்பத்தேழு வயதுவரை ஆரல்வாய்மொழிக் கணவாயைக்கூடத் தாண்டியதில்லை. தாண்ட ஆசைப்பட்டதும் இல்லை. என் நண்பன் அருமைநாயகம் எழுதிய நாலு வரிக் கடிதம்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

அருமைநாயகமும் நானும் உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் இங்கே இங்கிலீஷ் வாத்தியார் ஆனேன். அவன் தன் ஊர்ப்பக்கம் போய், இராஜாக்கமங்கலத்துக்கு அருகே ஒரு பனங்காட்டு ஊரில் உபதேசியார் ஆனான். உபதேசியார் என்றால் பாதிப் பாதிரியார், பாதி வாத்தியார். இரண்டு பேருக்கும் உள்ள தலைவலி முழுசாக உண்டு. "மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் நீரே வாரும். பார்சலில் அனுப்பவேண்டாம். காரணம் நேரில்" என்று எழுதியிருந்தான்.

மூன்றாம் பாகம் என்று அவன் சொன்னது ஒரு இங்கிலீஷ் நாவலின் மூன்றாம் பாகம். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம்விட்டபோது நான் எடுத்தது. பழைய நாவல், மூன்று பாகமும் மூன்று செங்கல். ஆறு பேர் ஒரு ஆகாயக் கப்பல் செய்து மேகத்துக்கு மேலே ஏறுகிறார்கள். அங்கே காற்றே ஒரு ஆறாக ஓடுகிறது. அதற்குள் கப்பல் அகப்பட்டுக்கொள்கிறது. அந்த ஆறு பூமியைச் சுற்றிச் சுற்றி ஓடுமே தவிரக் கீழே இறங்காது. ஊர்களையும் கடல்களையும் மேலிருந்து பார்க்கிறார்கள், சொந்த ஊரையும் பார்க்கிறார்கள், இறங்க வழியில்லை. கொதிகலனில் நெருப்பு இருக்கும்வரைதான் கப்பலுக்குள் உயிர்.

முதல் இரண்டு பாகத்தையும் எட்டு வருஷத்துக்கு முன் ஒரே மூச்சில் படித்தேன். மூன்றாவதைத் தொடங்கின வாரத்தில் என் மனைவி காய்ச்சலில் படுத்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் நான் எந்தக் கதையையும் கடைசிவரை படித்ததில்லை. நாலு பக்கம் மிச்சமிருக்கும்போது மூடி அலமாரியில் வைத்துவிடுவேன். படித்து முடித்த இரண்டு பாகத்தையும் அருமைநாயகம் ஒருமுறை வந்தபோது வாங்கிக்கொண்டு போனான். மூன்றாவது என்னிடமே கிடந்தது.

புதன்கிழமை பஸ்ஸில் ஏறும்போது, போய்ச் சேருவதற்குள் இதைப் படித்துவிட வேண்டும் என்று வைராக்கியம் செய்துகொண்டேன். கொடுக்கப்போகும் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றாவது தெரிய வேண்டாமா.

பஸ் என்று பெயர். இருபது பேர் உட்காரும் இடத்தில் முப்பத்தைந்து பேர், நாலு கூடை கருவாடு, ஒரு தையல் மிஷின். நாங்குநேரி தாண்டியதும் முன்பக்கம் ஆவி கிளம்பி, டிரைவர் இறங்கிப்போய்க் கிணறு தேடினார். நாங்கள் உடைமர நிழலில் உட்கார்ந்தோம். அது நிழலே இல்லை, வெயிலில் விழுந்த கோடுகள். அங்கே உட்கார்ந்துதான் கப்பல் வைத்தியர் குளிரில் விறைத்துச் செத்ததைப் படித்தேன். வெளியே மண் கொதிக்கிறது, புத்தகத்துக்குள் மனுஷனின் தாடியில் பனிக்கட்டி தொங்குகிறது. பக்கத்திலிருந்த கருவாட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதும் துக்கமாய்யா?" என்று கேட்டார். இல்லை, கதை என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஆரல்வாய்மொழியில் காற்று. வைகாசி பிறந்து பத்து நாளில் இப்படியென்றால் ஆடியில் என்ன கதியோ. இரண்டு மலைக்கும் நடுவே, அடைத்து வைத்ததைத் திறந்துவிட்டது போல அடிக்கிறது. சாவடியில் எல்லாரையும் இறக்கி மூட்டைகளைப் பிரித்தார்கள். புகையிலை கடத்துகிறவர்கள் புத்தகத்துக்குள் தாளோடு தாளாக வைத்துக் கொண்டுவருகிறார்களாம். சேவகர் ஒருவர் என் புத்தகத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து உதறினார். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். காற்று அவருக்கு ஒத்தாசையாக ஐம்பது ஐம்பது பக்கமாகப் புரட்டிக் கொடுத்தது.

"எம்மாடி, இம்பிடும் படிக்கணுமா?" என்றார்.

"ஆமா."

"கடைசியில என்ன ஆவுது?"

"இன்னும் அங்க போகலை."

"நல்லதா இருந்தா, திரும்பி வரும்போ சொல்லும்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

கணவாயைத் தாண்டியதும் கண் கூசியது. எங்கள் பக்கம் பார்க்கிற இடமெல்லாம் செம்மண்ணும் கருவேலமும். இங்கே குளத்துக்கு மேல் குளம், உழுது நீர் கட்டின வயல், மலையடி வரை பச்சை. நியாயமாக மனம் குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரே மேகம் மலைக்கு அந்தப்பக்கம் ஒரு விதமாகவும் இந்தப்பக்கம் ஒரு விதமாகவும் நடந்துகொள்கிறதே என்று.

நாகர்கோவிலில் இரவு தங்கி, வியாழக்கிழமை காலை ஒரு கடையில் புட்டும் பயறும் பப்படமும் தின்றேன். புட்டில் தேங்காய், பயறில் தேங்காய், தொட்டுக்கொள்ளக் கொடுத்ததிலும் தேங்காய். பரிமாறினவர் பேசியது தமிழ்தான், ஆனால் ராகம் போட்டுப் பேசினார். "இன்னும் ரெண்டு பப்படம் பொடிக்கட்டா சாரே?" என்று அவர் கேட்டதை நான் பாட்டின் முதலடி என்றுதான் நினைத்தேன். ழகரத்தை மட்டும் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்கும் வராத சுத்தத்தோடு சொல்கிறார்கள்.

இராஜாக்கமங்கலம் பக்கம் போக வில்வண்டி கிடைத்தது. பாதி வழியில் மணல் தொடங்கியதும் கடையாணி கழன்று, சக்கரம் தனியாக ஒரு தோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வண்டிக்காரர் அதைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. பீடி பற்றவைத்தார். "அது எங்கயும் போவாது. நீங்க இரியும்" என்றார். இருந்தேன். வேறென்ன செய்ய, புத்தகத்தைத் திறந்தேன். அந்தத் தென்னந்தோப்பில் கப்பல் தலைவர் செத்தார். நட்சத்திர சாஸ்திரம் தெரிந்த சகோதரர்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் செத்துக் கிடந்தார்கள். சமையல்காரன் ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தான். மிச்சம், கொதிகலனுக்குக் கரி தள்ளுகிற பேதுரு என்ற பையன். பையன் என்றாலும் இருபத்திரண்டு வயது. ஊரில் தாய் தனியாக இருக்கிறாள் என்று முதல் பாகத்திலேயே சொல்லியாகிவிட்டது.

கரி தீர்ந்ததும் பேதுரு நாற்காலிகளை எரிக்கிறான். பிறகு மேஜை, பிறகு படங்கள், பிறகு தலைவரின் நாட்குறிப்பு. வண்டிச் சக்கரம் மாட்டி முடிந்தபோது இருபது பக்கம் பாக்கி. வழக்கம்போல மூடிவிடலாம் என்று கை போயிற்று. என்னவோ வீம்பில் படித்துவிட்டேன். எரிக்க ஒன்றும் இல்லாமல் நெருப்பு அணைகிறது. பேதுரு கண்ணாடி ஜன்னலில் முகத்தை வைத்துக் கீழே ஏதோ ஒரு ஊரின் விளக்குகளைப் பார்த்தபடி செத்துப்போகிறான். கப்பல் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கீழே ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது. ஆயிரத்து நூறு பக்கம் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய் இப்படியா விடுவது? எழுதினவன் மேல் வந்த கோபத்தில் வண்டிக்காரரிடம் இரண்டு மைல் பேசவில்லை. கோபம் என்பதுகூடப் பொய். எட்டு வருஷமாக நான் மூடி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து அன்றைக்கு முடிந்துபோன மாதிரி நெஞ்சு காலியாக இருந்தது.

அருமைநாயகம் இளைத்திருந்தான். ஓலைக் கோயில், அதையொட்டி ஓலை வீடு, சுற்றிலும் பனை. அவன் மனைவி அவித்த மரச்சீனியும் சாளைமீன் கறியும் வைத்தாள். எங்கள் ஊரில் பன்றிக்குப் போடுகிற கிழங்கு என்று நினைத்திருந்தேன். இரண்டு தடவை வாங்கித் தின்றேன். நான் கை கழுவும்வரை அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"பேதுரு என்ன ஆனான் வேய்?" என்றான்.

"செத்துட்டான்வே. எல்லாரும்தான்."

அவன் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டான். இங்கிலீஷ் நாவலில் ஒருவன் சாவதற்கு உபதேசியார் ஏன் இப்படி உட்கார வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான்.

இந்த ஊர்களில் மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மிஷனெரி ஜெபம் என்று கூடுகிறார்கள். ஆப்பிரிக்காவிலும் பனிக்கடல் தீவுகளிலும் இருக்கிற மிஷனெரிமார் எழுதும் கடிதங்கள் பத்திரிகையில் வரும். உபதேசியார் அதைத் தமிழில் சொல்வார். ஜனங்கள் கேட்டு, அந்த அந்த ஆளின் பேரைச் சொல்லி ஜெபிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாதம் பத்திரிகை வரவில்லை. கூடினவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் அருமைநாயகம் என் நாவலை எடுத்து ஒரு அத்தியாயம் சொன்னான். நன்றாக இருந்தது என்று அடுத்த மாதமும் கேட்டார்கள். அதே முக்காலி, அதே குரல். கதை என்று முதல்நாள் சொன்னானாம். எத்தனை பேர் காதில் விழுந்ததோ.

"ரெண்டாம் பாகத்துல கப்பலு கன்னியாகுமரி முனைக்கு மேல வருதுல்லா?" என்றான். "அதச் சொன்னன்னைக்கு எல்லாரும் அண்ணாந்து பாத்தாவ ஓய். கூட்டம் முடியப்போ சபை மூப்பரு எந்திச்சு, ஆகாயத்துல மாட்டிக்கிட்ட அந்த ஆறு பேருக்காவ ஜெபம் பண்ணிட்டாரு. நான் அப்பம் நிறுத்தியிருக்கணும். ஆமென்னு சொல்லிட்டேன்."

அந்த ஒரு ஆமென்தான். அதற்குப் பிறகு ஜெபப் பட்டியலில் ஆறு பேரும் ஏறிவிட்டார்கள். கொழும்பிலிருக்கிற இன்னார், பினாங்கிலிருக்கிற இன்னார், ஆகாயத்திலிருக்கிற பேதுரு என்று ஞாயிறு ஆராதனையிலும் வாராவாரம் வாசிக்க வேண்டியதாயிற்று. நாற்பது நாளுக்கு ஒருதரம் கப்பல் குமரிமுனைக்கு மேலே வரும் என்று புத்தகம் சொல்வதால், அந்த நாளில் ஜனங்கள் கடற்கரை மணலில் காய்ந்த பனங்காவோலையைக் குவித்து நெருப்பு வைக்கிறார்களாம், மேலே இருப்பவர்களுக்குக் கரை தெரியட்டும் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"இது பெரிசில்ல. கேளும்" என்று ஒரு கடிதத்தை எடுத்தான்.

யேசுவடியாள் என்று ஒரு அம்மாள். புருஷன் இல்லை. கொழுந்தன் பனையேறி இறக்கும் அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறவள். அக்கானி என்பது நம் பதனீர். அவளுக்கு ஒரே மகன் தாசையன். பினாங்குக்கு ரப்பர் பால்மரத் தோட்ட வேலைக்குப் போய் நாலு வருஷம். கடிதம் நின்று இரண்டு வருஷம். பட்டியலில் தாசையன் பேரும் பேதுரு பேரும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டு பேருக்கும் ஒரே வயது, இரண்டு தாய்க்கும் ஒரே பிள்ளை. பேதுரு இறங்கினால் தன் மகனும் வருவான் என்று அவள் பொருத்தனை செய்து வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி இருக்கிறாள். அருமைநாயகத்தின் கையிலிருந்த கடிதம் பினாங்கிலிருந்து ஒரு பாதிரியார் எழுதியது. தாசையன் காய்ச்சலில் மரித்துத் தோட்டத்திலேயே அடக்கமானான் என்று இரண்டே வரி. வந்தது ஐப்பசியில். இப்போது வைகாசி.

"ஏழு மாசமா சொல்லலையா?"

"நாலு மட்டம் போனேன். அவளுக்க முகத்தப் பாத்தா வாய் வரல்ல. எங்க சபையில மரிச்சவியளுக்காவ ஜெபம் பண்ணக்கூடாது வேய். பேரு பட்டியல்ல இருந்தா ஆளு உயிரோட இருக்கான்னு அர்த்தம். வாராவாரம் நான் அவன் பேர வாசிக்கேன். தெரிஞ்சுக்கிட்டே வாசிக்கேன்."

அவன் யோசனை இதுதான். வெள்ளிக்கிழமை நான் முடிவை வாசிக்க வேண்டும். பேதுரு சாவான், பெண்கள் அழுவார்கள், அவளும் அழுவாள். அந்த அழுகை ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதையும் சொல்லிவிடுவான். காய்ந்த மண்ணில் அதைச் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை. நான் ஏன் வாசிக்க வேண்டும் என்றால், அவன் வாசித்தால் குரல் உடைந்துவிடும். சரி என்று சொன்னேன். உள்ளது உள்ளபடி வாசிப்பேன் என்று சத்தியமும் பண்ணினேன். மனைவி செத்த நாளில் அழாத ஆள் என்று எனக்கு ஊரில் பேர் உண்டு. அந்தப் பேரை நம்பி என்னைக் கூப்பிட்டிருக்கிறான், பாவம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் நிறைந்துவிட்டது. தரையில் பாய். ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். மூன்றாம் பாகம் வந்திருக்கிறது என்று தெரிந்து அடுத்த ஊரிலிருந்தும் நடந்து வந்திருந்தார்கள். யேசுவடியாளை யாரும் காட்டித்தரவில்லை, தானாகத் தெரிந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையெல்லாம் பாகு தெறித்த வடு. என் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொழிபெயர்த்துக்கொண்டே வாசிப்பது லேசில்லை. வாக்கியத்தை முழுசாகக் கண்ணால் படித்து, கடைசியிலிருந்து முன்னாலே கொண்டுவந்து, வார்த்தைக்கு வார்த்தை தடுக்கி விழுந்து போனேன். பனி என்றால் இவர்களுக்கு மார்கழிப் பனிதான். உறைபனிக்கு வார்த்தை தேடி நின்றேன். வைத்தியர் செத்தார், மூப்பர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். தலைவர் செத்தார். சகோதரர்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் கிடந்த இடத்தில் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. பேதுரு தனியே நாற்காலியை உடைக்கிறான். நான் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. யேசுவடியாளின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பட்டினி கிடந்த வாய் ஜெபம் பண்ணுகிறது.

அப்புறம் நான் புத்தகத்தில் இல்லாததை வாசித்தேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. பேதுரு கடைசி மேஜையை எரிக்கும்போது கீழே இருட்டுக்குள் நிலத்தின் தென்முனையில் ஒரு சிறு நெருப்பு தெரிந்தது என்றேன். யாரோ காவோலை எரிக்கிறார்கள் என்றேன். அந்த வெளிச்சத்தை வைத்து அவன் திசை கண்டுபிடித்தான், காற்றாற்றின் ஓரத்துக்குக் கப்பலைத் திருப்பினான், கப்பல் கடலில் இறங்கியது, கட்டுமரக்காரர்கள் அவனைத் தூக்கி வந்து கஞ்சி கொடுத்தார்கள், அடுத்த கப்பலில் தாயிடம் போய்ச் சேர்ந்தான். கண் புத்தகத்திலேயே இருந்தது. பக்கத்தைக்கூட ஞாபகமாகத் திருப்பினேன். கோயில் முழுக்க அழுகை, அத்தனையும் சந்தோஷ அழுகை. "நம்ம நெருப்புதாம்லே, நம்ம நெருப்புதான்" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பிடித்து உலுக்கினார். மூப்பர் எழுந்து ஸ்தோத்திர ஜெபம் செய்தார். அருமைநாயகம் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. முக்காலிக்குப் பின்னால் நின்று பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தவன் அவன்.

கூட்டம் கலைந்ததும், "என்னவே இப்படிப் பண்ணிட்டேன்" என்றேன்.

"என்னாலயும் முடியல்ல, உம்மாலயும் முடியல்ல" என்றான். கோபித்திருந்தால் தேவலை. இனி அவளிடம் எப்போது சொல்வது? பேதுரு இறங்கிவிட்டான், அடுத்தது தாசையன்தான் என்று அவள் வாசலைப் பார்த்து உட்காரப்போகிறாள். ஏழு மாதப் பொய்யை நான் ஒரே மத்தியானத்தில் எண்பது வருஷப் பொய்யாக்கிவிட்டேன். அன்று மாலை அருமைநாயகம் வீட்டில் கஞ்சியும் பயறும் வைத்தார்கள். இருவரும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டினேன். ஓடிவிடத்தான் நினைத்தேன், வேறு மரியாதையான பெயர் அதற்கு இல்லை. அப்போது ஒரு பெண் வந்து, யேசுவடியாள் அத்தை உபதேசியாரையும் வாத்தியாரையும் வரச்சொன்னாள், அடுப்பில் அக்கானி இருப்பதால் அவளால் வர முடியவில்லை என்றாள்.

ஓலைச் சாய்ப்பு. பெரிய அடுப்பு, அதன்மேல் அகலமான பானை, நுரை தள்ளிக் கொதித்தது. எங்களுக்கு இருக்கப் பனங்கட்டை போட்டாள். ஆளுக்கு ஒரு பனையோலைப் பட்டையில் அக்கானி கொடுத்தாள். குடித்தேன். அவ்வளவு இனிப்பான ஒன்றை அவ்வளவு கசப்போடு நான் குடித்ததில்லை.

"வாத்தியாரே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். துடுப்பால் பானையைக் கிண்டிக்கொண்டே பேசினாள். "உபதேசியாரு வாசிக்கும்போ நின்னு நின்னு வாசிப்பாரு. ஒரு வார்த்தைக்கு கூரை மோட்டப் பாத்துக்கிட்டு நிப்பாரு. நேத்து நீங்களும் பாதி வர அப்பிடித்தான் வாசிச்சீங்க. பேதுரு ஒத்தையில ஆனதுக்கப்புறம் ஒரு மட்டம்கூட நிக்கல்ல. மழ பெய்யது மாதிரி வந்துது. வாசிக்கியவனுக்கு அப்பிடி வராது. அது நீங்க சொன்னது."

இருபத்தைந்து வருஷமாக மொழிபெயர்ப்புக்கு மார்க்குப் போடுகிறேன். ஒருநாளும் எனக்கு அது தோன்றியதில்லை.

"உள்ளத வாசியும்" என்றாள்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்துவந்து வாசித்தேன். நாற்காலி, மேஜை, படங்கள், நாட்குறிப்பு. தடுக்கித் தடுக்கி வாசித்தேன். நெருப்பு அணைந்த இடத்தில் அவள் அடுப்பைப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடி, விளக்குகள். முடித்துப் புத்தகத்தை மூடினேன். வெகுநேரம் கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு அருமைநாயகத்தைப் பார்த்தாள்.

"உபதேசியாரே, கதைக்குத்தான் நீங்க நிப்பீங்க. ஜெபத்துல நிக்கமாட்டீங்க, அது உங்களுக்கு மனப்பாடம். ஐப்பசியிலேருந்து எனக்க மவன் பேருக்கு முன்னால ஒரு நிப்பு நிக்கிய."

அருமைநாயகம் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். எடுக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு வரியை வாசிக்க அவனுக்கு நாலு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். துடுப்பை விடவில்லை. பாகு இறுகும் நேரம், விட்டால் அடிப்பிடித்துவிடும். அருமைநாயகம் எழுந்துபோய்த் துடுப்பை வாங்கிக்கொண்டான். அவனும் அழுதுகொண்டே கிண்டினான். நானும் அழுதேன். எட்டு வருஷத்துக்கு முன் அழுதிருக்க வேண்டியது அது, அவளுக்காக மட்டும் அழுதேன் என்று சொன்னால் பொய்.

"பக்கத்துல ஆரு இருந்தாவ?" என்று கேட்டாள்.

"அது எழுதல்ல அக்கா."

"தண்ணி கேட்டானா?"

"அதும் எழுதல்ல."

பிறகு அவள் எழுந்து பாகைச் சிரட்டைகளில் ஊற்றினாள். முப்பது நாற்பது சிரட்டை இருக்கும், ஒன்றும் சிந்தவில்லை. கடைசிச் சிரட்டையை ஊற்றிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பேதுருவுக்க அம்மைக்கு ஆராவது எழுதிப் போட்டாவளா?"

"யாருக்கும் தெரியாதும்மா. கப்பல் இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்பம் அவ பாத்துக்கிட்டேல்லா இருப்பா? உங்களுக்கு இங்கிலீசு தெரியுமே. நீங்க எழுதுங்க."

"அம்மா, அது கதை. பேதுருன்னு ஒருத்தன் கிடையாது."

"இருக்கட்டும். அவனுக்கு ஒரு அம்மை உண்டுன்னு எழுதியிருக்கா இல்லியா?"

இருக்கிறது என்றேன். அருமைநாயகம் வீட்டுக்குப் போய்த் தாளும் மையும் கொண்டுவந்தான். பனங்கட்டையில் புத்தகத்தை வைத்து அதன்மேல் தாளை வைத்து எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினேன். ஊர் பேர் தெரியாத சகோதரிக்கு, உன் மகன் பேதுரு மரித்துப்போனான், நாங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் அவனுக்காக ஜெபம் பண்ணினோம், நாங்கள் வைத்த நெருப்பு அவன் கண்ணுக்குத் தெரியவில்லை, எங்களை மன்னித்துக்கொள், இனி நீ வாசலைப் பார்க்க வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடு. இதுவரைக்கும் எனக்குக் கை ஓடியது.

"அவனுக்குப் பக்கத்துல ஆளு இருந்துதுன்னு எழுதுங்க" என்றாள்.

"புஸ்தகத்துல அப்படி இல்லையேம்மா. அவன் தனியாத்தான்..."

"எனக்குத் தெரியும். நீங்கதான வாசிச்சீங்க. எழுதுங்க. தண்ணி குடுத்தாவன்னு எழுதுங்க. தலைய மடியில வச்சிருந்தாவன்னு எழுதுங்க."

எழுதினேன். முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். தலையை மடியில் வைத்திருந்தார்கள் என்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.